ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிப் பிடித்து உள்ளே போய் உட்காருவது வரை: முழுமையான வழிகாட்டி

குடியை நிறுத்த உதவும் கூட்டம் ஒன்று பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தேடலில் தோற்பதில்லை. முகவரி கிடைத்துவிடுகிறது. கிடைத்த முகவரிக்கு ஒரு மாலையில் கிளம்பிப் போகிறார்கள். அங்கே பள்ளிக்கூடத்தின் கேட் பூட்டியிருக்கிறது. காவலாளி "அப்படி எதுவும் இங்கே இல்லையே" என்கிறார். அந்த மனிதர் மறுபடி தேடுவது அபூர்வம்.

கீழே உள்ள படிகளின் வரிசை அந்தப் பூட்டிய கேட்டைத் தவிர்ப்பதற்காக அமைந்தது. தமிழ்நாட்டில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பை இங்கே எல்லோரும் ஏ.ஏ. என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

1. முதலில் உடம்பு, பிறகுதான் கூட்டம்

தினமும் குடிக்கிறவர், அதிலும் கை நடுக்கம் அடங்கக் காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறவர், சட்டென்று நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போவது ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே வாங்கக்கூடிய நிலை அது.

ஆகவே முதல் படி மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள் இந்தப் படியை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. வலிப்போ குழப்பமோ தொடங்கிவிட்டால் 108.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றிலிருந்தே நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கயிறு கட்ட வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கயிறு கட்டுவதற்கு முதல் நாள் மருத்துவரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். சாமிக்குச் சத்தியம் செய்துவிட்டோம் என்று உடம்பு நடுங்காமல் இருந்துவிடாது.

சிகிச்சை முடியும்வரை கூட்டத்தைத் தேடாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களிலேயே முகவரியைத் தேடி வையுங்கள். வீடு திரும்பிய முதல் மாலைக்கு ஒரு கூட்டம் தயாராக இருக்க வேண்டும்.

2. கூட்டம் யாருக்கு என்று தெளிவாகுங்கள்

குடிக்கிறவருக்கு ஏ.ஏ. அவருடைய மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கு அல்-அனான். பிள்ளைகளுக்கு அல்-அட்டீன். அல்-அனானும் ஏ.ஏ.வும் வெவ்வேறு அமைப்புகள். பட்டியல்களும் தொடர்பு எண்களும் தனித்தனி.

இதில்தான் முதல் குழப்பம். கணவருக்காக மனைவி ஏ.ஏ.வுக்குப் போன் செய்கிறார். எடுப்பவர் "அவரையே பேசச் சொல்லுங்கள் அம்மா" என்கிறார். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து அந்த அம்மா போனை வைத்துவிடுகிறார். உண்மையில் அவர்கள் சொல்ல வருவது, நிறுத்த விரும்புகிறவர் தானே கேட்டால்தான் ஏ.ஏ. அவருக்குப் பயன்படும் என்பது. கணவர் வர மறுத்தாலும் மனைவி அல்-அனானுக்குப் போகலாம். அதற்கு அவருடைய அனுமதியோ ஒத்துழைப்போ தேவையில்லை.

"நான் அந்த அளவுக்குக் குடிகாரன் இல்லையே" என்று தயங்குகிறவர்களுக்கு: ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். எவ்வளவு குடித்தீர்கள் என்று அளந்து பார்த்துச் சேர்ப்பதில்லை. மாலை போட்ட 41 நாட்களும் தொடாமல் இருந்தேன், அதனால் எனக்குப் பிரச்சினை இல்லை என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். மாலையைக் கழற்றிய அன்று என்ன நடந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

3. எது ஏ.ஏ. இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். படுக்கை, மாதக் கட்டணம், "வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்" என்ற வாக்குறுதி எல்லாம் இருக்கும். அவை ஏ.ஏ. அல்ல.

ஏ.ஏ.வுக்குக் கட்டணம் இல்லை. சந்தா இல்லை. படுக்கை இல்லை. மருந்து தருவதில்லை. யாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் இல்லை. போனில் பேசுகிறவர் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நீங்கள் தவறான எண்ணை அழைத்திருக்கிறீர்கள்.

தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்களும் உண்டு. அது தனி முடிவு. அப்படி ஒரு மையத்தைத் தேர்ந்தெடுப்பதானால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று விற்கும் பொடிகள் பக்கம் போகவே வேண்டாம். குடியை நிறுத்த மருத்துவர்கள் எழுதித் தரும் டைசல்ஃபிரம் போன்ற மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

4. முகவரியைத் தேடும் இடங்கள்

ஒரே இடத்தை நம்பாதீர்கள். இரண்டு இடங்களிலிருந்து ஒரே முகவரி வந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

முதலாவது, ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளம். இந்தியா முழுவதற்குமான தொடர்பு எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தேடும்போது "ஏ.ஏ." என்று மட்டும் போட்டால் பேட்டரி கடைகள்தான் வரும், அமைப்பின் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாவது, மருத்துவமனை. உங்களுக்குச் சிகிச்சை அளித்த மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரையோ ஆலோசகரையோ கேளுங்கள். இணையதளத்தைவிட இவர்களுக்கு நிலவரம் தெரியும். பல இடங்களில் ஏ.ஏ. உறுப்பினர்களே வார்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவதுண்டு. அவர்களில் ஒருவரைப் பிடித்துவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற பழைய நிறுவனங்களிலும் கேட்கலாம்.

மூன்றாவது, அரசின் கட்டணமில்லா எண்கள். போதைமீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. இதில் தமிழில் பேசலாம். இவற்றில் ஏ.ஏ. கூட்டத்தின் நேரம் கிடைக்காமல் போகலாம். ஆனால் பக்கத்தில் எந்த மையம், எந்த மருத்துவமனை என்று சொல்வார்கள். அங்கே போய் இரண்டாவது வழியைப் பிடிக்கலாம். நள்ளிரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்ற நிலையில் 14416-ஐ நினைவில் வையுங்கள்.

5. பட்டியலில் உள்ள ஒரு வரியை எப்படிப் படிப்பது

ஒரு வரியில் குழுவின் பெயர், கிழமை, நேரம், மொழி, இடம் இருக்கும். குழுவின் பெயர் இடத்தின் பெயர் அல்ல. நம்பிக்கை, புதுவாழ்வு என்று ஏதாவது வைத்திருப்பார்கள். அந்தப் பெயரைத் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. வாசலில் பெரிய பலகையும் இருக்காது.

"திறந்த கூட்டம்" என்றால் குடும்பத்தினர், மாணவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். "மூடிய கூட்டம்" என்றால் குடிப் பிரச்சினை இருப்பவர்கள், அல்லது தமக்கு இருக்கலாம் என்று நினைப்பவர்கள் மட்டும். துணைக்கு மனைவியையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போவதானால் திறந்த கூட்டத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் துணைக்கு வந்தவர் வெளியே நிற்க, அவரைச் சாக்காக வைத்து நீங்களும் வெளியே நின்றுவிடுவீர்கள்.

இடம் பெரும்பாலும் தேவாலய வளாகமாகவோ பள்ளிக்கூட வகுப்பறையாகவோ இருக்கும். சர்ச் என்றதும் மதமாற்றம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குறைந்த வாடகைக்கு மாலை நேரத்தில் ஓர் அறை கிடைக்கும் இடம் அது, அவ்வளவுதான். கூட்டத்தில் "கடவுள்" என்ற சொல்லும் ஒரு சிறு பிரார்த்தனையும் வரும். எந்தக் கடவுள் என்பதை அவரவருக்கே விட்டுவிடுகிறார்கள். நாத்திகர்களும் வந்து உட்காருகிறார்கள், பிரார்த்தனையின்போது பேசாமல் இருக்கிறார்கள்.

6. போவதற்கு முன் போன் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் பூட்டிய கேட்டைப் பார்க்கிறார்கள்.

குழுக்களில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அறையின் சாவி ஒருவரிடம் இருக்கும். பள்ளியில் தேர்வு, தேவாலயத்தில் திருவிழா என்றால் கூட்டம் வேறு அறைக்கோ வேறு நாளுக்கோ மாறும். வழக்கமாக வருகிறவர்களுக்குச் செய்தி போய்விடும். பட்டியலைத் திருத்த யாருக்கும் தோன்றாது. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

தொடர்பு எண்ணை எடுப்பவரும் வேலைக்குப் போகும் சாதாரண உறுப்பினர்தான். பகலில் எடுக்காவிட்டால் மாலையில் மறுபடி அழையுங்கள். ஒருமுறை மணி அடித்து நின்றுபோனதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு இது போதும்:

"வணக்கம் சார். ஏ.ஏ. கூட்டம் பற்றிக் கேட்க வேண்டும். எனக்குத்தான். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இந்த வாரம் நடக்கிறதா?"

"எனக்குத்தான்" என்ற சொல்லை விடாதீர்கள். நண்பருக்காகக் கேட்கிறேன் என்று தொடங்கினால் நண்பருக்கான பதில்தான் கிடைக்கும்.

பிறகு, எந்த கேட் வழியாக வர வேண்டும், எந்த மாடி, எந்த அறை என்று கேளுங்கள். வளாகத்தின் பெரிய கேட் மூடியிருக்க, பக்கத்துச் சந்தில் சின்ன கேட் திறந்திருப்பது வழக்கம். கூட்டம் தமிழில் நடக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் ஆங்கிலத்தில் நடப்பவையும் உண்டு. கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு கேள்வி: "நான் முதல்முறை வருகிறேன். கேட்டருகே யாராவது நிற்க முடியுமா?"

இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. உறுப்பினர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகள் உண்டு; புதிதாக வருகிறவருக்கு உதவுவது அவற்றில் கடைசிப் படியின் பகுதி. தாங்கள் குடிக்காமல் இருப்பதற்கே அது உதவுகிறது என்று நம்புகிறவர்கள். அதோடு, ஒருவர் உங்களுக்காக வாசலில் நிற்கிறார் என்று தெரிந்த பிறகு பாதி வழியில் திரும்புவது கடினம்.

7. எந்த நாள், எந்த வழி

பட்டியலில் பல கூட்டங்கள் இருந்தால் வீட்டுக்கு மிக அருகில் இருப்பதை எடுக்கத் தோன்றும். அது எப்போதும் சரியான தேர்வு அல்ல.

டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கின்றன. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில். அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில், வேலை முடிந்து களைத்த உடம்போடு நீங்கள் பயணம் செய்கிறீர்கள். வழக்கமான கடையைத் தாண்டிப் போகும் வழியானால் பஸ்ஸை மாற்றுங்கள், அல்லது இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க எளிய வழி: உங்களுக்குக் கையில் காசு வரும் நாள் எது? கட்டட வேலையில் வாரக்கூலி வாங்குகிறவருக்கு அது சனிக்கிழமை. அந்த மாலையில் கூட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூலியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. ஞாயிறு காலைக் கூட்டம் சௌகரியமாகத் தெரியும். ஆனால் உங்கள் ஆபத்து சனி இரவில் இருந்தால் ஞாயிறு காலை என்பது தாமதம்.

8. பெயரும் அடையாளமும்

முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை என்பது ஏ.ஏ. வழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் நம் பெயரே ஒற்றைப் பெயர்; முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். சிறிய ஊரில் அந்த ஒற்றைப் பெயரே ஆளைக் காட்டிவிடும். வீட்டுச் செல்லப் பெயரையோ பெயரின் ஒரு பாதியையோ சொல்லலாம். யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள்.

பழக்கதோஷத்தில் "எந்த ஊர், என்ன வேலை" என்று யாராவது கேட்டால், "பக்கம்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அப்படி இருந்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். அவருக்கும் அதே பயம். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது வாட்ஸப். குழுவில் சேர்த்துவிட்டால் உங்கள் எண் அதில் உள்ள எல்லோருக்கும் தெரியும். படத்தில் குழந்தைகளோ அலுவலகச் சீருடையோ இருந்தால் அதுவும் தெரியும். முதலில் படத்தை மறைத்துவிட்டுச் சேருங்கள், அல்லது "இப்போதைக்கு வேண்டாம், தனியாகச் செய்தி அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள்.

9. முதல் நாள்

கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற எண்ணமே வாசலில் நிறுத்திவிடும்.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதலில் சில பக்கங்களை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் பேசலாம். "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றும் சொல்லலாம். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

இடையில் ஒரு பையோ கூடையோ சுற்றிவரும். அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே போடும் பணம் அது. முதல்முறை வருகிறவர் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை என்பதால், பெரிய தொகையைப் போட்டு மரியாதை தேட நினைக்கவும் வேண்டாம்.

குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். குடிக்காமல் போவதே நல்லது. ஆனால் குடித்துவிட்டோம் என்பதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கூட்டம் முடிந்த அடுத்த நொடியே வெளியேறுவது. தேநீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் எண்கள் கைமாறும். இரண்டு பேரின் எண்ணாவது வாங்கிக்கொண்டு, அன்றிரவே ஒருவரை அழைத்து "வீடு வந்து சேர்ந்தேன்" என்று சொல்லுங்கள். சாதாரண நாளில் ஒருமுறை பேசிப் பழகாதவர், நெருக்கடியான இரவில் அந்த எண்ணை அழுத்தப் போவதில்லை.

10. பெண்கள் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். ஒரு பெண் தனியாக உள்ளே போவது எளிதல்ல. போனில் பேசும்போதே "பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அது முறையான கோரிக்கை. அவரோடு சேர்ந்து போகலாம். பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்களும் உண்டு. குடிக்கும் பெண்ணை, கணவருக்காக வந்தவர் என்று நினைத்து அல்-அனான் பக்கம் திருப்பிவிடுவதும் நடக்கும். முதல் வரியிலேயே "எனக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள்.

11. பிடிக்காவிட்டால்

ஒரு கூட்டத்தை வைத்து ஏ.ஏ.வை எடைபோட வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் வயதானவர்கள் பழைய கதையையே சுழற்றிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றில் உங்கள் வயதுக்காரர்கள் இருப்பார்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் கூட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு வாரம் விடாதீர்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி எங்காவது ஓர் உறுப்பினர் அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவராகிவிடக் கூடாது என்பதை ஏ.ஏ.வின் சொந்த வெளியீடுகளே வலியுறுத்துகின்றன.

மறுபடி குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள். யாரும் வெளியேற்றுவதில்லை. குடிக்காத நாட்களின் கணக்கு மட்டும் முதலிலிருந்து தொடங்கும்.

12. ஊரில் கூட்டமே இல்லையென்றால்

மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் பல ஊர்களில் இதுதான் நிலைமை. வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போக முடிகிற ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற நாட்களுக்கு இணையக் கூட்டத்தையும் போனையும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தொடர்சிகிச்சைக் குழு நடந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடவுள் பேச்சே ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற வேறு முறைக் கூட்டங்கள் இணையத்தில் உள்ளன. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

இணையக் கூட்டத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜூமில் நுழையும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள். அலுவலகக் கணக்கில் இருந்தபடி நுழைந்தால் முழுப் பெயரும் அப்படியே தெரியும். உலகப் பட்டியலில் கொடுத்திருக்கும் நேரம் எந்த நாட்டு நேரம் என்றும் பாருங்கள். நியூயார்க்கின் மாலை ஏழு மணி நமக்கு மறுநாள் விடிகாலை. அங்கே கோடைக்காலமானால் இங்கே நாலரை, அங்கே குளிர்காலமானால் இங்கே ஐந்தரை.